ஸ்கேன் படங்களைத் திருப்பி அச்சிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவக் கட்டுரைகளுடன் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை நாளிதழ்கள் வெளியிடுவது நல்ல வழக்கம். ஆனால் பக்க அழகுக்காக அவற்றை இடவலம் மாற்றுவதும், ஓரத்தில் வலம், இடம் என்பதைக் குறிக்கும் 'ஆர்', 'எல்' எழுத்துகளை வெட்டிவிடுவதும் கூடாது.

நேராக நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கியிருக்கும் நிலையை வைத்தே உடலின் தளங்கள், அதாவது படத்துக்காக உடலை வெட்டிப் பார்க்கும் கற்பனைப் பரப்புகள், கணக்கிடப்படுகின்றன. படுத்திருந்தாலும் கணக்கு மாறாது. வலம் என்றால் நோயாளியின் வலம்தான். உடலை இடம் வலமாகப் பிரிப்பது சாஜிட்டல் தளம், முன் பின்னாகப் பிரிப்பது கரோனல், மேல் கீழாகப் பிரிப்பது ஆக்ஸியல்.

குழப்பம் பெரும்பாலும் ஆக்ஸியல் படத்தில்தான். மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதாகவே அதைக் காட்டுவார்கள். அதனால் வலப்புறக் கல்லீரல் நம் இடக்கைப் பக்கமும், மண்ணீரல் வலக்கைப் பக்கமும் தெரியும். வயிற்றுப் படத்தைத் திருப்பினால் கல்லீரலை வைத்தே தவறைப் பிடித்துவிடலாம். மூளைப் படத்தில் இரு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், அந்த எழுத்து போனால் பக்கவாதம் தாக்கியது எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது.

முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை படிப்பவர்கள் ஏராளம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகளில் எது பிதுங்கியிருக்கிறது என்பதை சாஜிட்டல் படம் காட்டும். எந்தப் பக்கத்து நரம்பு நசுங்குகிறது என்பதற்கு ஆக்ஸியல் வேண்டும். எல்4, எல்5 எனப்படும் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பின்பக்கவாட்டில் பிதுங்கினால் பொதுவாக எல்5 நரம்பு அழுந்தும். அதே டிஸ்க் இன்னும் வெளியே தள்ளி, நரம்பு வெளிவரும் துளையை அடைத்தால் எல்4 நரம்பு பாதிக்கப்படும். ஒரே ஒரு சாஜிட்டல் படத்தைப் போட்டு 'நரம்பு அழுத்தம்' என்று எழுதினால் வாசகருக்குப் பாதிதான் விளங்கும்.

தலையைச் சாய்த்து வைத்து எடுத்த படமும் ஏமாற்றும். தளம் சரிந்து, ஒரு பக்கம் மேல்மட்டமும் மறுபக்கம் கீழ்மட்டமும் ஒரே படத்தில் விழும். மூளையின் நீர் அறைகள் நோயே இல்லாமல் ஏற்றத்தாழ்வாகத் தெரியும். கண்குழி மட்டத்துப் படத்தில் இரு குழிகளும் ஒரே அளவில் உள்ளனவா என்று பார்த்தால் சாய்வு பிடிபடும்.

படத்துக்குக் கீழே எந்தத் தளம், எந்த உறுப்பு, நோயாளியின் வலப்பக்கம் எது என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
கதிரியக்க மருத்துவர் ஒருவர்,
மதுரை