வீகோவுக்கு வரவேண்டிய பாக்கி

அன்புள்ள கண்ணம்மா,

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து டெரி ஹோட் ஊரில், பில் பாஸ் செய்கிற பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்தே உனக்கு இதை எழுத வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்கள் கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, வீகோ என்று பெயர் வந்ததே, அந்தப் பிரான்சிஸ் வீகோவைப் பற்றித்தான்.

இத்தாலியில் பிறந்து செயின்ட் லூயிஸில் தோல் வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைக்காகப் பிரிட்டிஷாரோடு சண்டை நடந்த சமயம், வர்ஜீனியா மாநிலத்துக்காகப் படை நடத்திய ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்குக்குச் சரக்கும் பணமும் கொடுத்து உதவினார். 1778 டிசம்பரில் கிளார்க் அவருக்கு எட்டாயிரத்துச் சொச்சம் டாலருக்கு ஓர் உண்டியல் எழுதிக் கொடுத்தார், அதாவது நியூ ஆர்லியன்ஸ் வியாபாரி ஆலிவர் பொல்லாக்கிடம் பணத்தை வாங்கிக்கொள் என்கிற சீட்டு. பொல்லாக்கும் அதே படைக்காகக் கடன் வாங்கிக் கொடுத்து முழுகிப்போயிருந்தார், அவர் எங்கே போய்க் கொடுப்பார்? அப்புறம் வர்ஜீனியா, கிளார்க் பிடித்த அந்த நிலத்தையே மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டது, பாக்கியையும் அங்கேதான் கேட்க வேண்டியதாயிற்று. இந்த மாதிரிப் பாக்கியைக் கேட்க 1855 வரை தனி நீதிமன்றம்கூடக் கிடையாது, காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், மனு போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வீகோ 1836இல் கையில் காசில்லாமல் செத்தார். அடக்கச் செலவு 20 டாலர், அந்தப் பில்கூட நாற்பது வருஷம் பாக்கி நின்றதாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1870களில்தான் வாரிசுகளுக்கு 49,898 டாலர் கிடைத்தது. அதில் 41,000க்கு மேல் வெறும் வட்டி! காலத்தில் கொடுத்திருந்தால் அந்த மனுஷன் சாப்பிட்டிருப்பார்.

நான் ஓர் அரசு விடுதிக்கு அரிசி போட்டது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ அப்போது நாலாவது படித்தாய். பதினாலு மாசம் பணம் வரவில்லை. மில்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அலுவலகத்திலோ "ஒதுக்கீடு வரலை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்த வருஷம்தான். உன் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வீடு இருக்கும், அதனால் உன்னால் இன்றைக்கே போட முடிகிற கையெழுத்தை நாளைக்குத் தள்ளாதே அம்மா.

அந்தப் பாக்கி வந்தால் கவுண்டி நீதிமன்றத்துக்கு ஒரு மணி வாங்க 500 டாலர் கொடுங்கள் என்று வீகோ உயிலில் எழுதி வைத்திருந்தார். மணி இன்னும் அந்த நீதிமன்றக் கோபுரத்தில் இருக்கிறதாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனால், அது அடிக்கிற சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்பு. அம்மாவும் கேட்க வேண்டும் என்கிறாள்.

உன் அப்பா