மலையிறங்கும் மோட்டார் சைக்கிளும் சித்திரை வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது மலையகத்துப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் மேலும் கீழுமாக ஓடத் தொடங்கிவிடும். கொழும்பிலிருந்து குளிர் தேடி நுவரெலியாவுக்கு ஏறி வருபவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. அதே நாட்களில் கதிர்காமத்துக்கும் மட்டக்களப்புக்கும், பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஊர்களுக்கும் மலையிலிருந்து வெயிலுக்குள் இறங்கிப் போகிற எங்களைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. அப்படிப் போகிறவர்களில் என்னைப் போல அறுபதைக் கடந்தவர்களும் பலர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அந்த வெயிலில் எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு 68 வயது. தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். அதிகாலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போவதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுத்து முடியும் வரை என் தொழில் முழுவதும் மோட்டார் சைக்கிளில்தான் நடந்தது. ஓய்வுபெற்ற பிறகு அதே பழக்கம் தூரப் பயணமாக நீண்டது. நெருக்கியடிக்கும் பஸ்ஸில் கால் மரத்துப்போய் நிற்பதை விட, நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த நேரத்தில் புறப்படக்கூடிய 125 சிசி வண்டி என் வயதுக்கு நல்லது என்றே இன்றைக்கும் நம்புகிறேன். ஆகவே முதியவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டுவிட வேண்டும் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

சென்ற ஏப்ரல் முதல் வாரத்தில் கதிர்காமம் போவதற்காகப் பண்டாரவளையிலிருந்து புறப்பட்டேன். ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியவன், வீட்டில் ஏதோ வேலையென்று தங்கி, ஒன்பதுக்குத்தான் வண்டியை எடுத்தேன். காலைக் குளிருக்குப் போட்ட ஜக்கெட் உடம்பிலேயே இருந்தது. எல்லவைத் தாண்டி, இராவணன் நீர்வீழ்ச்சியருகே சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்கும்போது, ஒவ்வொரு முடக்குக்கும் காற்று ஒரு படி சூடாவது தெரிந்தது. வெல்லவாயவில் ஒரு பிளேன்டி மட்டும் குடித்தேன். தாகம் எடுக்கவில்லை. யானைக்குப் பயந்து புத்தல காட்டுப் பாதையை விட்டுவிட்டு, தனமல்வில பக்கமாகத் திரும்பினேன்.

நேரான பாதை, நல்ல காற்று. வியர்வை கூட இல்லையே என்று மனதுக்குள் மகிழ்ந்தும் கொண்டேன். பின்னால் வந்த லொறிக்காரர் விடாமல் ஹோன் அடித்து, என்னை ஒட்டி வந்து கையைக் காட்டிய பிறகுதான், வெல்லவாய சந்தியில் போட்ட சிக்னல் லைட் அதுவரை அணையாமல் மினுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஐம்பதில் ஓடிய வண்டி முப்பதுக்கு இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. எந்தக் கியரில் ஓடுகிறேன் என்று யோசித்தேன்; விடை வரவில்லை. பாதையோரத்துத் தயிர்க்கடை ஒன்றைக் கண்டு நிறுத்தி, ஸ்டாண்டைத் தட்டக் காலை நீட்டினேன். கால் ஸ்டாண்டைத் தேடியும் அகப்படவில்லை. வண்டி என்னோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்தது.

கடையிலிருந்த சிங்களப் பெண்பிள்ளை "சீயா, சீயா" (தாத்தா, தாத்தா) என்று ஓடி வந்து, வண்டியை அப்படியே விட்டுவிட்டு முதலில் என்னை இழுத்து, தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருந்த பலகைக்குப் பின்னாலிருந்த நிழலில் சாய்த்தார். ஹெல்மட்டைக் கழற்றினார். ஜக்கெட்டைக் கழற்றினார். ஒரு வாளித் தண்ணீரைக் குவளை குவளையாக என் பிடரியிலும் கைகளிலும் ஊற்றி, ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார். நான் தெளிந்து பெயரும் ஊரும் சொன்ன பிறகே, உப்பும் தேசிக்காயும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தந்தார். அவர் எங்கே கற்றாரோ தெரியாது. அவர் செய்தது ஒவ்வொன்றும் சரியான முறை என்று பிறகு கிளினிக்கில் வைத்தியர் சொன்னார். தெளிவில்லாத ஒருவருடைய வாயில் தண்ணீரை ஊற்றினால் அது மூச்சுக் குழலுக்குள் போகலாம் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன்.

எனக்கு நடந்ததன் காரணத்தை வைத்தியர் விளக்கிய பிறகு, இத்தனை வருட அனுபவம் இந்த விடயத்தில் எனக்கு உதவவில்லை என்பது விளங்கியது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றரில். 1,000 மீற்றர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் கூடும். அந்த இறக்கத்தை மோட்டார் சைக்கிள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் வெப்பத்துக்குப் பழகுவதற்கு, அதாவது விரைவாக வியர்க்கவும் வியர்வையில் உப்பைக் குறைவாக விடவும் கற்றுக்கொள்வதற்கு, உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். வெல்லவாயவில் வாழ்பவரின் உடம்பு அந்தப் பாடத்தை மாசி மாதத்திலேயே படித்து முடித்திருக்கும். குளிரிலிருந்து வந்த நமது உடம்போ அதைத் தொடங்கியே இருக்காது.

வயது இதற்கு மேல் இன்னொன்றைச் சேர்க்கிறது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மந்தமாகிறது, வியர்வையும் குறைகிறது, தோலுக்கு இரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்றும் வேகமும் தணிகிறது. தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்ளலாம் என்ற இளமைக்கால வழக்கத்தை நம்பிப் போவது, முள் வேலை செய்யாத பெற்றோல் மீற்றரை நம்பி ஓடுவதற்குச் சமம். என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அறிகுறி தாகமாக வராமல் மறதியாக வந்தது. அணைக்காத சிக்னல், காரணமின்றிக் குறைந்த வேகம், நினைவுக்கு வராத கியர் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நிழலில் நிறுத்த வேண்டும் என்று என் வயதுக்காரர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

காற்று படுகிறதே என்ற எண்ணமும் நம்மை ஏமாற்றும். நமது தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. காற்று அதைவிடச் சூடானால், முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று உடம்புக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வியர்வை உலர்வதொன்றே நம்மைக் குளிர்விக்கும். ஓடும் வண்டியில் அது தோலில் நிற்காமல் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போகிறது என்று தெரிவதில்லை. கரையோரமாகப் போனால் கதை வேறு. அங்கே ஈரப்பதன் கூடி, வியர்வை உலராமல் தேங்கும். வெப்பமானி 34 பாகை காட்டும் இடத்தில் ஈரப்பதன் 60 வீதமானால், உடம்புக்கு அது 42 பாகை போலிருக்கும். அதற்காகத்தான் வெப்பச் சுட்டெண் என்ற கணக்கு இருக்கிறது.

ஏப்ரலில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. ஏறத்தாழ 5ஆம் திகதி தெற்கில் தொடங்கி மாதத்தின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தைக் கடக்கும். அந்த நாட்களில் நண்பகல் பன்னிரண்டேகாலை அண்டி மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே விழுந்து கிடப்பதால், பாதை நெடுக மரங்கள் நின்றாலும் ஓடுகிறவருக்கு நிழல் இல்லை. பிற்பகலில் இடியும் மின்னலும் மழையுமாக மலைப்பக்கம் இருண்டுவிடும். ஆகவே விடியுமுன் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் ஓட்டத்தை நிறுத்தி, மூன்று மணி வரை மடத்திலோ கோயிலிலோ சாப்பாட்டுக் கடையிலோ இருந்துவிடுவதே தகும். வெயில் சித்திரையோடு போய்விடும் என்றும் நினைக்கக்கூடாது. ஹட்டன், நோர்வூட் பக்கம் அடைமழை கொட்டுகிற ஆடி மாதத்தில், மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு முகடு தாண்டும் அதே காற்று, கிழக்கே இறங்க இறங்கச் சூடேறிக் காய்ந்து, கச்சான் என்னும் வறண்ட காற்றாக வீசுகிறது. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு மழைக்கோட்டோடு புறப்படுகிறவர்கள் மொனராகலையில் போய் அந்தக் கச்சானில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நிறுத்தி ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறேன். ஜக்கெட்டின் உள்ளே பருத்தி பனியனை நனைத்துப் போடுகிறேன். கழுத்தில் ஈரத் துவாய். கையில்லாத சட்டையோடு போவது குளிர்ச்சி என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள்; வெயில் தோலைச் சுடுவதும், ஈரம் நொடியில் காய்ந்துவிடுவதும்தான் அதில் மிஞ்சும். கறுப்பு ஹெல்மட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளை வாங்கினேன். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவையான ஜீவனிப் பைக்கற்று இரண்டு எப்போதும் பையில் இருக்கும். ஒரு பைக்கற்றைச் சரியாக ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குறைந்த நீரில் கெட்டியாகக் கரைத்தால் அது உப்பை உடம்பில் ஏற்றிவிடும். இளநீரும் தம்பிலி என்னும் செவ்விளநீரும் நல்லவையே. ஆனால் அவற்றில் பொட்டாசியம் கூடுதல் என்பதால், சிறுநீரக நோயுள்ளவர்களும் சிலவகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் குடிப்பது சரியல்ல.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் மாதாந்தக் கிளினிக்கில் பெறும் மாத்திரைகளில், சலத்தைக் கூட்டி உடம்பின் நீரைக் குறைப்பவை உண்டு. இதயத் துடிப்பை மட்டுப்படுத்துபவை உண்டு. சில தடிமன் மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். இவற்றை நாமாக நிறுத்தக்கூடாது. பயணத்துக்கு முந்திய கிளினிக்கிலேயே கொப்பியை நீட்டி, "வெயில் காலத்தில் இத்தனை மைல் மோட்டார் சைக்கிளில் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். இன்சுலின் ஊசி மருந்தை சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 30 பாகைக்கு மேல் அது கெடத் தொடங்கும். சீட்டுக்கு அடியில் அதைவிட எவ்வளவோ சூடு.

வண்டியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. டயர்க் காற்றை விடியற்காலைக் குளிரில் பாருங்கள். சூட்டில் ஏறிய அழுத்தத்தைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

ஒருவர் பேச்சுத் தடுமாறினாலோ, நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழைப்பதோடு, அது வரும் வரை அவரை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். பனடோல் கொடுத்துக் காத்திருப்பது பலனளிக்காது. இது காய்ச்சல் போன்ற சூடு அல்ல.

இனி, இக்கடிதத்தின் வேண்டுகோள். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் அந்த மாவட்டங்களின் பெயர்களைத் தங்கள் பத்திரிகையும் வெளியிடுகிறது. நுவரெலியாவும் பதுளையும் பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை. நம் ஊரின் பெயர் இல்லையே என்று மலையகத்து வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்; சென்ற ஆண்டு நானும் அதையேதான் செய்தேன். ஆனால் அந்த எச்சரிக்கை மிக அதிகமாகத் தேவைப்படுவது, அந்த மாவட்டங்களில் வாழ்பவரை விட, மலையிலிருந்து அங்கே இறங்கப்போகும் நமக்குத்தான். அறிவித்தலோடு, "இம்மாவட்டங்களுக்குப் பயணம் செய்யும் மலையக வாசகர்களும் கவனிக்கவும்" என்ற ஒரு வரியைப் பங்குனி முதல் ஆவணி வரை தாங்கள் சேர்த்து வெளியிட வேண்டும்.

அத்துடன் வெல்லவாய, ஹசலக்க, பிபிலை போன்ற, மலைப்பாதை சமதரையைத் தொடும் இடங்களில், பிரதேச சபைகளும் ஆலய நிர்வாகங்களும் சேர்ந்து, பாதையிலிருந்து நன்கு தெரியும்படி ஒரு கொட்டகையும் குடிநீரும் நீண்ட வாங்கும் அமைத்துத் தர முடியும். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுவது நமக்குப் பழக்கமில்லாத காரியம் அல்ல. வெசாக்குக்குப் பாதையெங்கும் இலவசமாக உணவும் பானமும் வழங்கும் தன்சல் போடும் நாட்டில் அதற்கு ஆள் சேர்ப்பதும் கடினமல்ல. வண்டியை நிழலில் நிறுத்தவும் ஒரு முதியவர் கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்,
பண்டாரவளை.