லீட்ஸிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். "பாம்போடு என்னடா பிழைப்பு" என்று அக்காவிடம் புலம்பினாயாம். நாகமலை அடிவாரத்தில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? பயப்படாதே, எங்கள் செல்லப்பிராணிக் கடையில் விஷப்பாம்பு கிடையாது. அவற்றை வளர்க்க இங்கே இங்கிலாந்தில் ஆபத்தான காட்டு விலங்குகள் பற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வாங்க வேண்டும்.

அதிகம் விற்பது மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. வாங்கிப்போகிறவர்கள் அதைச் சும்மா விடுவதில்லை. கழுத்தில் மாலையாகப் போடுகிறார்கள், வருகிற விருந்தாளிக்கெல்லாம் கைமாற்றுகிறார்கள். போன வாரம் ஒரு குடும்பம், பாம்பு இரை எடுக்கவில்லை என்று தூக்கி வந்தது. தினமும் பிள்ளைகள் கையில்தானாம். "எவ்வளவு சாதுவாகச் சுருண்டிருக்கிறது பாருங்கள்" என்று பூரித்தார் வீட்டுக்காரர். தலையை உள்ளே புதைத்துப் பந்தாகச் சுருளுவது இந்த இனத்துக்குப் பயம் வந்தால் செய்கிற வேலை. தலையை மெல்ல விலக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நீலம் கலந்த பால்நிறம். சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் பார்வை மங்கிவிடும், யார் தொட்டாலும் மிரளும்.

இந்த வகை தானாகவே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பதால், கையில் எடுத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சட்டை கழலும்வரை தொடாதீர்கள் என்றேன். இரை விழுங்கியபின் இரண்டு நாளாவது விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எலியை முழுசாகக் கக்கிவிடும். செரிக்க வெளிச்சூடு வேண்டும். 32 டிகிரிச் சூட்டில் கிடக்க வேண்டியதை எடுத்துக் குளிர்ந்த கூடத்தில் மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தால் எப்படிச் செரிக்கும்?

அறவே தொடக்கூடாது என்பதில்லை. உண்ணி பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் கூண்டைத் துடைக்கவும் எடுத்துத்தான் ஆக வேண்டும். உடம்பு முழுவதையும் தாங்கிப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பழகிக்கொள்ளும். மேலிருந்து கை வந்தால் பருந்து பாய்வதாக மிரளும். பழகிக்கொள்ளுமே தவிர, கொஞ்சச் சொல்லிக் கேட்காது.

நம் தெருவுக்கு வந்த பாம்பாட்டி நினைவிருக்கிறதா? மகுடிக்கு மயங்கி ஆடுகிறது என்று நீ காசு போடுவாய். நல்ல பாம்பு படமெடுத்தது மிரட்சியில். அசைகிற மகுடியைக் கண்ணால் தொடர்ந்ததைத்தான் ஆட்டம் என்றோம். வாயைத் தைத்தே கொண்டுவருவோரும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அந்தக் கூடைகள் ஒழிய வெகுகாலம் ஆனது.

மாட்டுக்கொட்டகையில் நுழைந்த சாரையை மாமா அடிக்கக் கிளம்பினால் தடுத்துவிடு. எலி தீர்ந்தால் தன் வழியே போய்விடும். பணம் 5-ஆம் தேதிக்குள் வந்து சேரும். கண் பரிசோதனையை இந்த மாதமும் தள்ளிப்போடாதே.

உன் அன்பு மகன்