மாத்திரையை நிறுத்தச் சொல்லாத சபை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது, பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் போகிறவரின் பெயர், மருத்துவமனை, வார்டு எண் வரை சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொள்வார்கள். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சை பெறும் என் தம்பிக்கான குறிப்பு மட்டும் பல ஆண்டுகளாக “ஒரு குடும்பத்தின் விசேஷித்த தேவைக்காக” என்றே வாசிக்கப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். பெயர் வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்று அம்மா பயந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் தம்பியை ஒரு ஜெப வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். மூன்று நாள் உபவாசம், இரவெல்லாம் ஜெபம். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று அங்கிருந்த ஊழியர் கேட்டார். தம்பி லித்தியம் மாத்திரை அட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். அதன்பின் நான்கு இரவுகள் அவனுக்குத் தூக்கமே இல்லை. ஐந்தாம் நாள் வண்டிச் சாவியையும் சம்பளப் பணத்தையும் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவனை, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் ஏற்றி ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தோம்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தியதோடு கண்விழிப்பும் சேர்ந்ததே நோய் இவ்வளவு வேகமாகத் திரும்பக் காரணம் என்று அங்கே மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையை நிறுத்தாமல் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்திருந்தாலும் ஆபத்துதான். உடலில் நீர் குறையும்போது இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி அதுவே நஞ்சாகும் என்றார். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் தூக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடும். உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையும் நடத்தும் ஆயர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உபவாச ஜெபத்தை அறிவிக்கும்போதே, மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடவேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்து வாசிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. சபை செய்யக்கூடிய உதவிகளில் இதையே முதலாவதாக நான் வைப்பேன்.

இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். நிமான்ஸ் முன்னின்று 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதத்தினர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாகக் கூறியது. முந்நூறு பெரியவர்கள் அமரும் ஆலயத்தில் அந்தக் கணக்குப்படி முப்பது பேருக்கு மேல். இவர்களைத் தவிர ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள், காது பாதி மட்டுமே கேட்கும் முதியோர் என வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் ஓய்வுநாள் பள்ளியிலோ, வசனத்தை வாய்விட்டு வாசிக்க முடியாத பிள்ளையை எல்லார் முன்னிலும் எழுப்பி நிறுத்துகிறோம். டிரம்ஸ் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையின் தாயிடம், பிள்ளையை அடக்கத் தெரியவில்லையா என்று கேட்கிறோம். கெம்பேகவுடா விமான நிலையத்தில், வெளியே தெரியாத குறைபாடு உள்ள பயணிகள் சூரியகாந்திப் பூ போட்ட பட்டையைக் கழுத்தில் அணிந்தால் ஊழியர்கள் புரிந்து உதவுகிறார்கள். ஒரு விமான நிலையத்துக்கு இருக்கும் கரிசனை ஆலயத்துக்கு இருக்கக் கூடாதா?

சாட்சி சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்சம் தேறியவுடனேயே, “பூரண சுகம் பெற்றேன்” என்று ஒலிபெருக்கியில் சொல்லும்படி தம்பியை நெருக்கினார்கள். சொன்னவன், அடுத்த முறை நோய் தலைகாட்டியபோது, சபையார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எங்களிடம்கூட மறைத்தான்.

நல்லதையும் எழுத வேண்டும். தம்பி வார்டில் இருந்த நாட்களில், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் தினமும் பிளாஸ்கில் ரசமும் தூக்கில் சோறுமாக வந்தார். என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அம்மாவைப் படுத்துத் தூங்கச் சொல்லிவிட்டுத் தம்பியின் கட்டிலருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வேதாகமத்தில், சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கும் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான்; தின்றுவிட்டு அவர் மறுபடியும் தூங்கவும் விடப்பட்டார். நோயாளியைக் கவனிக்கிறவருக்கு வாரத்தில் ஒரு மாலை ஓய்வு கொடுக்க, சபையில் நாலு பேர் முறைவைத்து வந்தாலே போதும்.

2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையில் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையிலும் மாதப் பத்திரிகையிலும் போடலாம். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருப்பதையும் அதன் அருகிலேயே அச்சிட வேண்டும்.

நிமான்ஸுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வரும் தமிழ்க் குடும்பங்கள், கன்னடமும் ஆங்கிலமும் தெரியாமல் சீட்டு எழுதும் வரிசையில் தவிப்பதை அந்த நாட்களில் கண்ணால் கண்டேன். எங்கள் ஆலய வளாகத்தில் கல்யாண விருந்துப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும் அறையை ஒழித்து, இப்படி வருகிறவர்கள் ஓர் இரவு தங்கவும், காலையில் உடன் செல்லத் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பவும் வேண்டும் என்று ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகரத்தின் மற்றத் தமிழ்ச் சபைகளும் தத்தம் குழுக்களில் இதை எடுத்துப் பேசும்படி, தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு