270 குழாய்களுக்கு 270 பேர் வேண்டும்

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். நம்ம புது இசை அரங்கத்தில் மேடையின் பின்சுவர் இன்னும் காலியாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு பைப் ஆர்கன், அதாவது கட்டையை அழுத்தினால் துருத்திக் காற்று குழாய்களுக்குள் போய் ஒலிக்கும் பெரிய வாத்தியம், வைக்கத்தான் இந்த வேண்டுகோள்.

"கீபோர்டிலேயே ஆர்கன் சத்தம் வருமே, எதற்கு இவ்வளவு செலவு?" என்று காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி வரை போன இடமெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கீபோர்டில் நாம் கேட்பது ஸ்பீக்கரை. ஆர்கனில் குழாய்க்குள் இருக்கும் காற்றே அதிர்கிறது, புல்லாங்குழல் மாதிரி. சில குழாய் வரிசைகளில் மட்டும் நாதஸ்வரச் சீவாளியின் வேலையைப் பித்தளை நாக்கு செய்யும். எட்டடிக் குழாய் விநாடிக்குச் சுமார் 65 அதிர்வுகள் தரும், அந்த ஒலி உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்கூடத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் வால்ட் டிஸ்னி அரங்கத்து ஆர்கனில் 6,134 குழாய்கள் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். 54 கட்டை, ஒவ்வொன்றுக்கும் வரிசைக்கு ஒரு குழாயாக ஐந்து வரிசை, ஆக 270 குழாய் போதும்.

இங்கிலாந்தில் மூடப்படும் சிறு தேவாலயங்களின் ஆர்கன்களை, எடுத்துப்போக ஆள் வந்தால் இலவசமாகவே கொடுத்துவிடுவதுண்டு. நாங்கள் பேசி வைத்திருப்பதும் அப்படி ஒன்றுதான். குழாய் குழாயாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கி, கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, சுங்கம் கட்டி, லாரியில் ஏற்றி, இங்கே பூட்டிச் சுருதி சேர்க்கத்தான் பணம்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதியும் ஏறும். 20 டிகிரியில் சுருதி சேர்த்த புல்லாங்குழல் மாதிரிக் குழாய், கத்திரியில் 40 டிகிரியைத் தொட்டால், அடுத்த கட்டைக்குப் போகும் தூரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும். நாக்குக் குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அதற்காகவே ஏசி செலவையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.

துருத்தியின் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது, அதை மாற்றியே ஆக வேண்டும். எங்களுக்கு இருந்த பெரிய கவலை அதுதான். எங்கள் குழுவில் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். போட்டோவைப் பார்த்ததும், "மெல்லிசான ஆட்டுத்தோல்தானே, அது நம்மகிட்ட இல்லாததா?" என்று கேட்டார். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று சுற்றிலும் தோல் வேலை தெரிந்த கைகள் இருக்கும்போது துருத்திக்காக வெளியூர் போக வேண்டியதில்லை.

இதில் கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்கலாம், சரி. கட்டையை அழுத்தியபடியே வைத்தால் மூச்சே வாங்காமல் ஸ்வரம் நிற்கும் என்பதால், நாதஸ்வரத்துக்கு ஒத்தாக வைத்துப் பார்க்கவும் எங்களுக்கு ரொம்ப ஆசை.

ஒரு குழாய்க்கு 5,000 ரூபாய், மொத்தம் 13,50,000. எட்டடிக் குழாய்க்கும் பென்சில் அளவுக் குழாய்க்கும் ஒரே தொகைதான், ஏனென்றால் எது இல்லாவிட்டாலும் பாட்டுக்குள் ஓட்டை விழும். தனியாக முடியாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 500 போடுங்கள், பத்துப் பேர் பெயரையும் எழுதுவோம்.

ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்கு அரங்க வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். சேர்ந்த தொகையை அங்கேயே பலகையில் எழுதி வைப்போம். முதல் குழாயை அந்தத் தோல் தொழிற்சாலைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். மீதி 269.