பார்ன்ஸ் பெயர் கொண்ட ஆர்க்கிட்: ஒரு நன்றி மடல்

தாம்பரம், சென்னை

அன்புடையீர், வணக்கம்.

1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், பாடவேளை போக மிஞ்சிய பொழுதில் மலையேறிச் செடிகளைச் சேகரித்தவர். அவர் நினைவாக ஹாபெனாரியா பார்னேசியை எனப் பெயர் பெற்ற அரிய தரை ஆர்க்கிட், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உயரமான புல்வெளிகளில் வளர்கிறது. அந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் செடியைப் பார்த்ததில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. சென்ற ஆகஸ்டில் அதைத் தீர்த்துவைத்தவர்களுக்கு இம்மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியருக்கு. யாரையும் கேளாமல் பொங்கல் விடுமுறையில் போய், காய்ந்த புல்லை மட்டும் பார்த்துத் திரும்பிய என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. மழைக்காலம் முடிந்ததும் தண்டு மடிந்துவிடும் என்றும், பழைய கிழங்கு இவ்வாண்டின் பூவுக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ள, அதன் அருகிலேயே அடுத்த ஆண்டுக்கான கிழங்கு திரள்கிறது என்றும் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்.

அடுத்து, வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. “சார், பையை அங்க வைக்காதீங்க” என்று அவர் பதறியிராவிட்டால், தேடி வந்த செடியை என் கேமராப் பையே நசுக்கியிருக்கும். குடைக்காம்பால் புல்லை மெல்ல விலக்கிக் காட்டினார். பூவின் பின்புறம் மெல்லிய தேன்குழல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதன் நுனியில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது. என் கணுக்காலில் அட்டை ஏறியதைக்கூட அவர்தான் கவனித்து உப்பு தடவினார்.

ஒரு கிழங்கை மட்டும் எடுத்துவந்து மொட்டைமாடியில் வளர்க்கலாமா என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. உடன் வந்த ஆய்வு மாணவி சட்டத்தை நினைவூட்டியதோடு நிறுத்தவில்லை. தூசியைப் போன்ற ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது, மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும் என்று விளக்கிவிட்டு, “தாம்பரத்து வெயில் இருக்கட்டும் ஐயா, தொட்டி மண்ணில் அந்தப் பூஞ்சைக்கு எங்கே போவீர்கள்?” என்றார். அந்தக் கேள்விக்கும் நன்றி.

தோல் பதனிடவும் விறகுக்கும் என வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்து நட்ட சீகை மரம் (சீகைக்காய் அல்ல, வாட்டில் எனப்படும் அயல் மரம்), இன்று புல்வெளிக்குள் தானாகவே புகுந்து நிழலால் புல்லை அழிக்கிறது. அதன் கன்றுகளைக் கொட்டும் மழையில் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்த கூலிப் பெண்கள், எங்களுக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையை ஒரு நாள் நிறுத்தினாலும் சீகை நிற்காது.

படங்களின் பிரதிகளை உங்கள் அனைவருக்கும் அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். கிழங்கு தோண்டுவோருக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று காவலர் கேட்டுக்கொண்டதால், இம்மடலில் இடத்தின் பெயரை எழுதவில்லை. உங்களைக் கொண்டு இடத்தை ஊகித்துவிடக் கூடாது என்பதால் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. பொறுத்தருள வேண்டுகிறேன்.