மாலை நான்கு மணி ரிப்போர்ட்

அன்புள்ள தம்பிக்கு,

டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைவு என்று நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் மாலை நான்கு மணி என்று மூலையில் போட்டிருக்கிறது, கவனித்தாயா? டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடுதலாக இருக்கும், பகல் போகப்போக இறங்கும். அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஒற்றைக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த வாரமே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆரம்பிக்கலாம் என்கிற அந்த கிளினிக்கின் அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்குச் சோர்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளவு ஏன் குறைந்தது என்று அங்கே யாரும் தேடவில்லையே. எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்கிற ஹார்மோன்களையும் பார்த்தால்தான் கோளாறு விரையிலா, மூளைக்கு அடியில் இருந்து விரைக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியிலா என்று பிடிபடும். உடல் எடை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சில வலி மாத்திரைகள் கூட அளவை இறக்கும். உன் குறட்டை வீட்டுக்கே தெரியும்.

அப்புறம், நீயும் மருமகளும் குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள். இதற்காகத்தான் போனில் பேசாமல் எழுத உட்கார்ந்தேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்கு அறவே நின்றுபோகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு குளோமிஃபீன், எச்.சி.ஜி. என்கிற மருந்துகள் என்று வேறு வழி இருக்கிறது. முதல் நாளே குழந்தை பற்றிக் கேட்காத டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு மாதம் காத்திருந்தாலும் சரி, ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் எண்டோகிரைனாலஜிஸ்டிடமே போ. ஊசியோ ஜெல்லோ, ஆரம்பித்த பிறகு யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள் என்று கேள். ரத்தம் கெட்டியாகும்; ஹீமாடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். இதயத்தை நினைத்துப் பயந்தாய். 2023இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வில், இதய ஆபத்து உள்ள 5,000க்கும் அதிகமான ஆண்களைப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. நுரையீரல் ரத்தக்கட்டியும் இதயத் துடிப்புக் கோளாறும் கொஞ்சம் கூடின.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ இன்னும் குறட்டை விடுகிறாயா என்று மட்டும் கேட்டுவைத்தேன். "உங்கள் பிள்ளைதானே" என்றாள்.

அப்பா